சிஆர்1 விசாவில் வந்து மூன்று வாரம்தான் ஆகிறது, கிரீன் கார்டு கையில் இல்லை: ஊருக்குப் போய்வர முடியுமா?

மெட்ராஸ்மல்லி கேட்கிறார்:

வணக்கம். கணவர் அமெரிக்கக் குடிமகன். மும்பைத் தூதரகத்தில் சிஆர்1 விசா (கல்யாணமாகி இரண்டு ஆண்டு ஆகாத துணைக்கான, நிபந்தனையுள்ள குடியேற்ற விசா) வாங்கி, ஜூன் 3 அன்று நெவார்க்கில் இறங்கினேன். விமான நிலையத்திலேயே விசா பக்கத்தில் முத்திரை குத்தி, கையால் ஏதோ எழுதிக் கொடுத்தார்கள். யுஎஸ்சிஐஎஸ் (அமெரிக்கக் குடிவரவுச் சேவைத் துறை) கட்டணம் 235 டாலரும் கட்டியாகிவிட்டது. கார்டு இன்னும் வரவில்லை.

தங்கை கல்யாணத்துக்காக ஆகஸ்ட் 20 கிளம்பி அக்டோபர் 8 திரும்பலாம் என்று டிக்கெட் பார்க்கிறோம். என் குழப்பம் இதுதான்: விசாவில் அச்சாகியிருக்கும் காலாவதி தேதி செப்டம்பர் 28. திரும்பும்போது அது முடிந்திருக்கும். அதற்குள் கார்டு வராவிட்டால் விமானத்தில் ஏற்றுவார்களா? ஐரோப்பா வழி டிக்கெட் மலிவாக இருக்கிறது, அதில் ஏதும் சிக்கல் உண்டா? நான் அங்கே இருக்கும்போது கார்டு இங்கே வந்தால் என்ன செய்வது?

---

ஆவணப்பெட்டி பதில்:

தாராளமாகப் போய்வரலாம். ஜூன் 3 அன்று அதிகாரி முத்திரை குத்திய நிமிடத்திலிருந்தே நீங்கள் நிரந்தர வசிப்புரிமையாளர். கார்டு அதற்கான அத்தாட்சிகளில் ஒன்று, அவ்வளவுதான். இப்போதைக்கு இன்னொரு அத்தாட்சி உங்கள் பாஸ்போர்ட்டுக்குள்ளேயே இருக்கிறது.

விசா பக்கத்தை எடுத்து நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். புகைப்படத்துக்குக் கீழே, பெரிய எழுத்தில் ஒரு வரி அச்சாகியிருக்கும்: ‘அப்பான் எண்டார்ஸ்மென்ட் செர்வ்ஸ் ஆஸ் டெம்பரரி ஐ-551 எவிடென்சிங் பெர்மனென்ட் ரெசிடென்ஸ் ஃபார் 1 இயர்’. அதிகாரி முத்திரையிட்டுவிட்டால் இந்த விசாவே ஓராண்டுக்குத் தற்காலிகக் கிரீன் கார்டு என்பது அதன் பொருள். ஐ-551 என்பது கிரீன் கார்டின் படிவ எண். ஓராண்டு எண்ணத் தொடங்குவது முத்திரைத் தேதியிலிருந்து. விசா வழங்கிய தேதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆக, உங்களுக்கு அடுத்த ஆண்டு ஜூன் தொடக்கம் வரை அந்தப் பக்கம் செல்லும்.

செப்டம்பர் 28 என்பது முதல்முறை அமெரிக்காவுக்குள் நுழைவதற்கான கடைசித் தேதி. நீங்கள் ஜூன் 3 அன்றே நுழைந்துவிட்டதால் அந்தத் தேதியின் வேலை முடிந்துபோனது.

ஆனால் சிக்கல் வரும் இடமும் அதுதான். அமெரிக்க அதிகாரிக்கு இது அன்றாட விஷயம், அவர் யோசிக்கக்கூட மாட்டார். யோசிப்பவர் சென்னை விமான நிலையத்தில் போர்டிங் பாஸ் தரும் கவுண்டர் ஊழியர். உரிய ஆவணம் இல்லாதவரை ஏற்றிச் சென்றால் விமான நிறுவனத்துக்கு அபராதம் விழும். அதனால் அவர் கண் முதலில் போவது அச்சிட்ட காலாவதித் தேதிக்குத்தான். ‘மேடம், விசா எக்ஸ்பயர் ஆயிடுச்சே’ என்பார். அப்போது படபடக்காமல் முதலில் அந்த ஆங்கில வரியையும், பிறகு முத்திரைத் தேதியையும் விரல் வைத்துக் காட்டுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு ‘டிமாடிக்’கில் ஐ-551 எண்டார்ஸ்மென்ட் என்று பார்க்கச் சொல்லுங்கள். எந்த நாட்டுக்கு எந்த ஆவணம் வேண்டும் என்று எல்லா விமான நிறுவனங்களும் பார்க்கும் தரவுத்தளம் அது. அதிலும் சந்தேகம் என்றால், சிபிபியுடன் (அமெரிக்க எல்லைச் சோதனைத் துறை) விமான நிறுவனங்கள் நேரடியாகப் பேசிக் கேட்க ஒரு தொடர்பு வழி உண்டு. அதை ஊழியர்தான் அழைக்க வேண்டும், பயணி அழைக்க முடியாது. இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும் என்பதால் திரும்பும் நாளில் வழக்கத்தைவிட ஒரு மணி நேரமாவது முன்னதாகவே கவுண்டரில் நில்லுங்கள். வெப் செக்கின் பெரும்பாலும் வேலை செய்யாது, எப்படியும் கவுண்டருக்குத்தான் அனுப்பும்.

கிளம்பும் முன் அந்தப் பக்கத்தில் மூன்றைச் சரிபாருங்கள். முத்திரைத் தேதி தெளிவாகத் தெரிகிறதா? வகுப்பு சிஆர்1 என்று எழுதியிருக்கிறதா? முத்திரை விசாவின் மேலோ அருகிலோ விழுந்திருக்கிறதா, வேறு ஏதாவது பக்கத்தில் போய்விட்டதா? மை மங்கலாகவோ தேதி வாசிக்க முடியாமலோ இருந்தால் ஊருக்குப் போன பிறகு ஒன்றும் செய்ய முடியாது. இப்போதே யுஎஸ்சிஐஎஸ் தொடர்பு மையத்தில் பேசி, கள அலுவலகத்தில் ஐ-551 முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, வகுப்பைப் பற்றியே. நுழைந்த அன்று உங்கள் கல்யாணம் முடிந்து இரண்டு ஆண்டு நிறைந்திருந்தால் நீங்கள் சிஆர்1 கிடையாது, நிபந்தனை இல்லாத ஐஆர்1. விசா சிஆர்1 என்று அச்சாகியிருந்தாலும், நுழைவு நாளின் கணக்குதான் செல்லும். முதல்முறை நுழைவதைக் கொஞ்சம் தள்ளிப்போட்டவர்களுக்கு இந்தத் தவறு நேர்ந்துவிடுகிறது. அப்படியானால் பத்தாண்டு கார்டு வர வேண்டும், இரண்டாண்டு கார்டு வந்தால் அது அரசின் பிழை. கார்டை மாற்றிக் கேட்கும் ஐ-90 படிவத்தில் ‘டிஎச்எஸ் (உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை) பிழை’ என்ற காரணத்தைத் தேர்ந்தெடுத்துத் திருத்தலாம், அதற்குக் கட்டணம் இல்லை.

---

தபால்காரன்_மகன் பதில்:

கார்டு பற்றி மட்டும் சொல்கிறேன்.

நுழைந்த நாள், கட்டணம் கட்டிய நாள், இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து 90 நாள் வரை ஆகலாம் என்பதே யுஎஸ்சிஐஎஸ் கணக்கு. ஜூன் 3 என்றால் செப்டம்பர் தொடக்கம். ஆகவே ஆகஸ்ட் 20க்கு முன் வரலாம், வராமலும் போகலாம்.

கார்டு காணாமல் போவதற்கு ஒரு காரணம் தபால் பெட்டியில் மனைவி பெயர் இல்லாதது. அபார்ட்மென்ட் பெட்டியில் கணவர் பெயர் மட்டும் ஒட்டியிருக்கும். நம் பெண்கள் பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை வைத்திருப்பார்கள். இரண்டும் ஒத்துப்போகாது. தபால்காரர் ‘இப்படி யாரும் இங்கே இல்லை’ என்று திருப்பி அனுப்பிவிடுவார். இன்றே ஒரு துண்டுக் காகிதத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி உங்கள் முழுப்பெயரை எழுதி, பெட்டியின் உட்பக்கமும் வெளிப்பக்கமும் ஒட்டுங்கள். அமெரிக்கத் தபால் துறையான யுஎஸ்பிஎஸ்ஸின் ‘இன்ஃபார்ம்டு டெலிவரி’யிலும் பதிந்துகொள்ளுங்கள், என்ன தபால் வருகிறது என்று காலையிலேயே மின்னஞ்சலில் வரும். யுஎஸ்சிஐஎஸ் ஆன்லைன் கணக்கில் கார்டு அனுப்பப்பட்டதும் டிராக்கிங் எண் தெரியும்.

வீடு மாறினால் 10 நாளுக்குள் யுஎஸ்சிஐஎஸ்ஸுக்கு முகவரி மாற்றம் தெரிவிப்பது சட்டப்படி கட்டாயம். தபால் நிலையத்தில் மட்டும் மாற்றிவிட்டு இருந்துவிடாதீர்கள், அந்தத் தகவல் யுஎஸ்சிஐஎஸ்ஸுக்குப் போகாது.

நீங்கள் சென்னையில் இருக்கும்போது கார்டு வந்தால் கணவர் பத்திரமாக வீட்டிலேயே வைத்திருக்கட்டும். கூரியரில் அனுப்ப வேண்டாம். முத்திரையிட்ட விசா பக்கமே உங்களைத் திரும்பக் கொண்டுவரும் என்னும்போது கார்டைத் தொலைக்கும் அபாயத்தை ஏன் எடுக்க வேண்டும்? கல்யாணத்துக்குக் கணவரும் பின்னால் வருகிறார் என்றால் அவர் கையில் கொண்டுவரட்டும், அதைவிட நல்லது வேறில்லை.

---

வான்வழி பதில்:

ட்ரான்சிட் (நடுவழியில் விமானம் மாறும்) விஷயத்தில் மலிவு டிக்கெட் பார்த்து ஏமாற வேண்டாம். முன்னால் சொன்ன பதில்கள் எல்லாம் அமெரிக்க விதி. நடுவில் இறங்கும் நாடு அதன் விதியைத்தான் பார்க்கும், அதன் கண்ணில் உங்கள் கையில் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட்.

ஷெங்கன் நாடுகளில் (ஐரோப்பாவின் பொது விசாப் பகுதி) விமான நிலைய ட்ரான்சிட் விசா கேட்கும் இடங்களில், செல்லுபடியாகும் கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கு விலக்கு உண்டு. அவர்களின் பட்டியலில் ‘காலாவதியாகாத குடியேற்ற விசா’வும் இருக்கிறது. ஆனால் அக்டோபர் 8 அன்று உங்கள் விசாவில் அச்சிட்ட தேதி கடந்து பத்து நாள் ஆகியிருக்கும். அதைக் காலாவதி என்று கொள்வதா, முத்திரையால் நீட்டிக்கப்பட்டது என்று கொள்வதா? கவுண்டரில் நின்று இந்த வாதத்தைச் செய்ய வேண்டிவரும். போகும்போது பிரச்சினை இல்லை, வரும்போதுதான். அதோடு ஒரே பயணத்தில் இரண்டு ஷெங்கன் விமான நிலையம் மாறும் டிக்கெட் என்றால் முதல் நிலையத்திலேயே குடிநுழைவு தாண்ட வேண்டும். அதற்கு முழு ஷெங்கன் விசா வேண்டும், கிரீன் கார்டு இருந்தாலும் அங்கே உதவாது.

லண்டன் வழி இன்னும் கறார். கிரீன் கார்டு இருந்தால் சரி. விசா வடிவத்தில் அச்சிட்ட தற்காலிக ஐ-551 ஆவணத்தை ஏற்கும் பிரிட்டன், வெறும் மை முத்திரையாக இருக்கும் ஐ-551ஐ ஏற்காது என்று விதியிலேயே சொல்லியிருக்கிறது. கள அலுவலகத்தில் முத்திரை வாங்கியவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

கார்டு கையில் இல்லாத நிலையில் தோஹா, துபாய், அபுதாபி வழிதான் நிம்மதி. ஒரே டிக்கெட்டில், பெட்டி நேராகக் கடைசி ஊருக்கு டேக் போடப்பட்டு, விமான நிலையத்தைவிட்டு வெளியே போகாமல் மாறினால் விசா கேட்க மாட்டார்கள். இரண்டு தனித்தனி டிக்கெட்டாக வாங்கினால் பெட்டியை எடுக்க வெளியே வர வேண்டியிருக்கும், அங்கே சிக்கல் வரலாம். அபுதாபியில் அமெரிக்கக் குடிநுழைவுச் சோதனையே அங்கேயே முடிந்துவிடும், அமெரிக்காவில் உள்நாட்டுப் பயணி போல இறங்கலாம். அதனால் அங்கே இடைநேரம் மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் பாருங்கள்.

கனடா பற்றி யாராவது கேட்பார்கள் என்பதால்: 2022 ஏப்ரல் 26 முதல் அமெரிக்க நிரந்தர வசிப்புரிமையாளருக்கு விசாவும் வேண்டாம், ஈடிஏவும் (மின்னணுப் பயண அனுமதி) வேண்டாம். பாஸ்போர்ட்டும் வசிப்புரிமை அத்தாட்சியும் போதும். முத்திரையிட்டு ஓராண்டு கடக்காத குடியேற்ற விசாவும் அந்த அத்தாட்சிப் பட்டியலில் இருக்கிறது.

---

மெட்ராஸ்மல்லி கேட்கிறார்:

எல்லாருக்கும் மிக்க நன்றி. தோஹா வழியே போட்டுவிடுகிறோம். தபால் பெட்டியில் இப்போதே பெயர் ஒட்டியாகிவிட்டது.

இன்னும் இரண்டு சந்தேகம். அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை பேசிக்கொண்டிருக்கிறார்கள். கல்யாணம் முடிந்து அதுவும் உறுதியானால் அக்டோபரில் திரும்பாமல் மொத்தம் நான்கைந்து மாதம் இருக்க நேரலாம். எவ்வளவு நாள் வரை பயமில்லை? அப்படியே சென்னையில் இருக்கும்போது பாஸ்போர்ட்டில் கணவர் பெயரைச் சேர்த்துவிடலாமா?

---

ஆவணப்பெட்டி பதில்:

இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். பாஸ்போர்ட் மறுவெளியீடு என்றால் பழையதை ரத்து செய்து முனை வெட்டித் தருவார்கள். விசா பக்கம் அப்படியே இருந்தால் பழையதையும் புதியதையும் சேர்த்து எடுத்துவரலாம், சட்டப்படி தடை இல்லை. ஆனால் போலீஸ் விசாரணை இழுத்தால் பயணத் தேதி போகும். புதிய பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், விசாவில் இன்னொரு பெயர் என்றால் கவுண்டரில் விளக்க வேண்டியது இரட்டிப்பாகும். கார்டு வந்த பிறகு, அமெரிக்காவில் இருந்தபடியே, அவசரமில்லாத நேரத்தில் செய்யுங்கள்.

இனி நாள் கணக்கு. ஆகஸ்ட் 20 கிளம்பினால் 180ஆவது நாள் பிப்ரவரி 16. அதற்குள் திரும்பிவிடுங்கள். 180 நாளைத் தாண்டினால் சட்டம் உங்களைப் ‘புதிதாக நுழைவு கேட்பவர்’ என்ற கண்ணோட்டத்தில் பார்க்கலாம். வசிப்புரிமை தானாகப் போய்விடாது, ஆனால் கேள்விகள் கூடும். ஓராண்டு ஆகிவிட்டால் கதையே வேறு: கிரீன் கார்டோ முத்திரையிட்ட விசாவோ திரும்பும் ஆவணமாகவே செல்லாது. உங்கள் விஷயத்தில் முத்திரையின் ஓராண்டு அடுத்த ஜூன் தொடக்கத்திலேயே முடிகிறது என்பதையும் மறக்க வேண்டாம். கார்டு கைக்கு வராமல் நீண்ட நாள் தங்கினால் அந்தத் தேதிதான் உங்கள் வரம்பு.

நீண்ட நாள் தங்க நேரும் என்று இப்போதே தோன்றினால் ரீ-என்ட்ரி பெர்மிட்டுக்கு (நீண்ட நாள் வெளியே இருந்து திரும்ப நுழைவதற்கான அனுமதி ஆவணம்) ஐ-131 படிவம் போடலாம். விண்ணப்பிக்கும் நாளில் நீங்கள் அமெரிக்க மண்ணில் இருக்க வேண்டும். கைரேகையும் இங்கேயே கொடுக்க வேண்டும். அது முடிந்ததும் கிளம்பலாம், பெர்மிட்டைத் தூதரகத்தில் வாங்கிக்கொள்ளும்படி படிவத்தில் குறிக்கலாம். சென்னையில் இருந்துகொண்டு விண்ணப்பிக்க வழி இல்லை, பலரும் சறுக்குவது இங்கேதான். சாதாரணமாக இரண்டு ஆண்டு செல்லும், ஆனால் உங்களைப் போன்ற நிபந்தனை வசிப்புரிமையாளருக்கு இரண்டாண்டு நிபந்தனைக் காலம் முடியும் நாளைத் தாண்டித் தர மாட்டார்கள். நான்கைந்து மாதத்துக்கு இது தேவையில்லை என்பது என் கருத்து.

எத்தனை நாள் என்பதோடு, இங்கே உங்களுக்கு வீடு இருக்கிறதா என்பதையும் பார்ப்பார்கள். கிளம்பும் முன் வாடகை ஒப்பந்தத்தில் உங்கள் பெயர், கூட்டு வங்கிக் கணக்கு, கணவரின் இன்ஷூரன்ஸில் உங்கள் பெயர், திரும்பும் டிக்கெட், இவை இருக்கட்டும். அம்மாவின் மருத்துவமனைச் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி நகல்களையும் கையில் எடுத்து வாருங்கள். தாமதத்துக்குக் காரணம் காட்ட அதைவிட நல்ல காகிதம் கிடையாது. வருமான வரியை இங்கே வசிப்பவராக (‘ரெசிடென்ட்’) 1040 படிவத்தில் தாக்கல் செய்ய வேண்டும், இந்திய வருமானமும் சேர்த்து. ‘நான்-ரெசிடென்ட்’ என்று தாக்கல் செய்தால் வசிப்புரிமையைக் கைவிட்டதற்கான அடையாளமாக அதை எடுத்துக்கொள்ள முடியும்.

யாராவது அதிகாரி ஐ-407 என்ற படிவத்தை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். அது நீங்களே விரும்பி வசிப்புரிமையைத் திருப்பிக் கொடுக்கும் படிவம். நீங்கள் மறுத்தால் விமான நிலைய அதிகாரியால் அதைப் பறிக்க முடியாது, குடிவரவு நீதிபதி முன் விசாரணை நடக்க வேண்டும். அது உங்கள் உரிமை. ஐந்து மாதத்தில் திரும்புபவருக்கு இந்த நிலை வருவது அரிது, இருந்தாலும் தூக்கக் கலக்கத்தில் படிக்காமல் கையெழுத்திடக் கூடாத ஒரே தாள் இதுதான் என்பதால் சொல்கிறேன்.

---

மார்ச்_ஐந்து பதில்:

இங்கே இன்னும் யாரும் தொடாத ஒன்று ஐ-751. உங்கள் இரண்டாண்டு கார்டு, நுழைந்து இரண்டு ஆண்டு கழித்து வரும் ஜூன் 3 அன்று முடியும். அதற்கு முந்தைய 90 நாளுக்குள், அதாவது அந்த ஆண்டு மார்ச் 5 முதல், கணவரும் நீங்களும் சேர்ந்து நிபந்தனை நீக்க விண்ணப்பம் போட வேண்டும். கட்டணம் 750 டாலர். ரசீதுக் கடிதம் கார்டை 48 மாதம் நீட்டிக்கும், 2023 ஜனவரி முதல் இந்த ஏற்பாடு. அதன் பிறகு பயணம் என்றால் காலாவதியான கார்டு, அந்தக் கடிதத்தின் அசல், பாஸ்போர்ட் மூன்றும் ஒன்றாகப் போக வேண்டும். நகலை நம்பிப் போகாதீர்கள். கைரேகைக்கு அழைப்பு வந்து, தேதி மாற்றக் கேட்காமலேயே போகாமல் இருந்தால் விண்ணப்பத்தை நிராகரிக்கலாம். அந்த மார்ச்சிலிருந்து சில மாதம் ஊர்ப் பயணம் வைக்காமல் இருப்பது நல்லது.

முதல் இரண்டு ஆண்டில் நீண்ட நாள் பிரிந்திருந்தால் ‘சேர்ந்து வாழ்கிறோம்’ என்பதற்கான காகிதம் மெலிந்துவிடும். எனவே அம்மாவுடன் இருக்கும் மாதங்களிலும் கூட்டுக் கணக்கில் பணப் புழக்கம், கணவர் வந்துபோன டிக்கெட், இவற்றைச் சேர்த்து வையுங்கள்.

குடிமகனின் மனைவியாக மூன்று ஆண்டில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அதில் 18 மாதம் உடலளவில் இங்கே இருந்திருக்க வேண்டும். ஒரே பயணம் ஆறு மாதத்தைத் தாண்டினால் தொடர் வசிப்பு முறிந்ததாகக் கருதுவார்கள், முறியவில்லை என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. ரீ-என்ட்ரி பெர்மிட் இருந்தாலும் இந்தக் கணக்கில் சலுகை கிடையாது. கிளம்பிய தேதி, திரும்பிய தேதி இரண்டையும் முதல் பயணத்திலிருந்தே ஒரு நோட்டில் எழுதிவாருங்கள்.

---

வான்வழி பதில்:

டிக்கெட் போடும் முன் ஒன்று. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக, ஒற்றைப் பெயராக இருந்தால் அமெரிக்க விசாவில் அந்தப் பெயர் ‘சர்நேம்’ இடத்துக்குப் போய், ‘கிவன் நேம்’ இடத்தில் எஃப்என்யு (‘ஃபர்ஸ்ட் நேம் அன்நோன்’, முதற்பெயர் தெரியவில்லை) என்று அச்சாகியிருக்கும். நம் ஊர்ப் பாஸ்போர்ட்டுகளில் இது நிறைய. டிக்கெட்டில் ஒற்றைப் பெயரை எப்படி நிரப்ப வேண்டும் என்பது ஒவ்வொரு விமான நிறுவனத்துக்கும் வேறு: சிலர் அதே பெயரை இரண்டு இடத்திலும் போடச் சொல்வார்கள், சிலர் எஃப்என்யு போடச் சொல்வார்கள். நிறுவனத்தின் சாட்டில் கேட்டு, அவர்கள் சொன்னதைத் திரைப்பிடிப்பு எடுத்துக்கொண்டு, அதன்படியே போடுங்கள். கணவர் பெயரை மட்டும் டிக்கெட்டில் சேர்த்துவிடாதீர்கள், பாஸ்போர்ட்டில் அது இல்லை.

விசா பக்கம், முத்திரை, பாஸ்போர்ட்டின் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும், இவற்றின் வண்ண நகலைப் பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வையுங்கள். கணவரிடம் இன்னொரு நகல் இருக்கட்டும். பிறகு கார்டோடு பயணம் செய்யும் காலத்தில் அது வெளிநாட்டில் தொலைந்தால், வெளியே வந்து ஓராண்டு ஆகாதவரை, ஐ-131ஏ படிவத்துடன் அமெரிக்கத் தூதரகத்துக்கு நேரில் போய் விமானம் ஏறுவதற்கான அனுமதி வாங்கலாம். அதற்குக் கட்டணம் 575 டாலர், நகல் கையில் இருந்தால் வேலை சீக்கிரம் நடக்கும்.

---

மெட்ராஸ்மல்லி:

பார்த்தேன், விசாவில் எஃப்என்யு என்றுதான் இருக்கிறது. இதுவரை கவனிக்கவே இல்லை. முத்திரை தெளிவாக இருக்கிறது, ஜூன் 3, சிஆர்1. விமான நிறுவனத்திடம் பெயர் பற்றிக் கேட்டுவிட்டுத்தான் டிக்கெட் போடுவோம். பிப்ரவரி 16ஐக் காலண்டரில் குறித்துவிட்டேன்.